‘பழமை மாறாமல்’ என்னும் தொடர்: கோவை வெரைட்டி ஹாலும் கூடுமிடங்களின் உரிப்பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

மரபுக் கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது தமிழில் வழங்கும் ‘பழமை மாறாமல்’ என்னும் தொடர், எது மாறலாம், எது மாறலாகாது என்பதை வரையறுக்கவில்லை. மக்கள் கூடிய இடங்களைப் பொறுத்தவரை இக்குறை பேரிழப்பாக முடிகிறது. கோயம்புத்தூர் வெரைட்டி ஹாலின் வரலாற்றைப் பிரித்தானிய மதுவிடுதிகளின் பாதுகாப்பு முறையோடு வைத்து நோக்கும் இக்கட்டுரை, தொல்காப்பிய உரிப்பொருட் கருத்தை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்திப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: வெரைட்டி ஹால், சாமிக்கண்ணு வின்சென்ட், மரபுக் கட்டடம், உரிப்பொருள், திரையரங்கு, மதுவிடுதி, கொங்கு நாடு

சாலையில் தங்கிய பெயர்

கோயம்புத்தூர் டவுன்ஹாலை அடுத்துள்ள கடைத்தெருக்களில் ஒன்று வெரைட்டி ஹால் சாலை. பேச்சு வழக்கில் அது ‘வி.எச். ரோடு’. அச்சாலைக்குப் பெயர் தந்த கட்டடத்தைச் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் எழுப்பினார். பின்னாளில் அது கைமாறி ‘டிலைட்’ திரையரங்கு ஆயிற்று. நூறாண்டைக் கடந்த பின்னர் இடிக்கப்பட்டது. கட்டடம் தன் பெயரை முதலில் இழந்தது, உடலைப் பிறகு இழந்தது. சாலை மட்டும் முதற்பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

அக்கட்டடம் நின்ற காலத்திலும் இடிபட்ட காலத்திலும் அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஒரே செய்தியையே திரும்பச் சொல்கின்றன: தென்னிந்தியாவின் முதல் நிலையான திரையரங்கு. இந்த ‘முதல்’ ஆய்வுக்கு எளிதில் நிற்பதன்று. சென்னை மவுண்ட் சாலையில் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் 1913ஆம் ஆண்டினது. ரகுபதி வெங்கய்யாவின் கெயிட்டி 1914ஆம் ஆண்டினது. ஆகவே ‘இந்தியர் ஒருவர் கட்டிய’, ‘சென்னைக்கு வெளியே’ என்று அடைமொழிகளைச் சேர்த்தே அம்முதன்மையைக் காக்க வேண்டியிருக்கிறது. அடைமொழி கூடக் கூட முதன்மையின் எடை குறைகிறது. அதனினும் பெரிய குறை வேறு. ‘முதல்’ என்பது ஒரு நிகழ்வைப் பற்றிய கூற்று. கட்டடத்தின் எந்தப் பகுதி காக்கத்தக்கது, எந்தப் பகுதியை மாற்றலாம் என்பதற்கு அதில் விடை இல்லை. நினைவுக்கல் ஒன்றை நட்டாலே அப்பெருமை நிறைவேறிவிடும். கட்டடம் நிற்க வேண்டிய கட்டாயம் அதில் எழுவதில்லை.

கோயில், அரண்மனை, ஆட்சியர் அலுவலகம் ஆகியன பற்றிய செய்திகளில் மற்றொரு தொடர் தவறாது இடம்பெறுகிறது: ‘பழமை மாறாமல் புதுப்பிக்கப்படும்’. புனரமைப்பு, சீரமைப்பு, புதுப்பித்தல், மீட்டுருவாக்கம், மறுசீரமைப்பு ஆகிய ஐந்து சொற்களும் ஒன்றற்கு ஒன்று மாற்றாக அத்தொடரோடு சேர்ந்து வருகின்றன. பொறியியல் நோக்கில் இவை ஐந்தும் ஐந்து வேறு பணிகள். உதிர்ந்த காரையை அதே சுண்ணாம்புக் கலவையால் பூசுவதும், கூரையைக் கழற்றிப் புதிய கூரை வேய்வதும், இடிந்ததை நிழற்படம் பார்த்துத் திரும்பக் கட்டுவதும் ஒரே சொல்லால் சுட்டப்படுமாயின், அச்சொல் ஒப்பந்தக்காரருக்கு உதவுமேயன்றிக் கட்டடத்திற்கு உதவாது. ‘பழமை’ எது, ‘மாறாமை’ எதற்கு என்னும் இரண்டும் சொல்லப்படாத வரையில் அத்தொடர் ஒரு வாழ்த்துச் சொல்லாகவே நிற்கிறது.

மூவகை மரபுகள்

தமிழ்ச் சூழலில் பழங்கட்டடத்தைப் பேணுவதற்கு இரண்டு வலிமையான மரபுகள் உள்ளன. ஒன்று திருப்பணி மரபு. பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் இதற்கு அண்மையிலுள்ள சான்று. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளும் நாயக்கர் காலக் கனகசபை மண்டபமும் அங்கு ஒரே வளாகத்தில் வழிபாட்டின் தொடர்ச்சிக்குள் அடங்குகின்றன. திருப்பணியில் மாறாதது பயன்பாடு, மாறத்தக்கது கட்டுமானம். கருவறையில் பணி நடக்கும்போது இறையாற்றலைப் பாலாலயத்திற்கு மாற்றி எழுந்தருளச் செய்யும் வழக்கம் இக்கருத்தின் தெளிவான வெளிப்பாடு. கட்டடம் சிறிது காலம் வெறும் கட்டடமாகிறது. வழிபாடு மட்டும் ஒரு நாளும் அறுபடுவதில்லை.

மற்றொன்று தொல்லியல் மரபு. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு அடிப்படைகள். இங்கு நிலை தலைகீழ். மாறாதது கட்டுமானம். பயன்பாடு பெரும்பாலும் முன்பே நின்றுபோயிருக்கும். வேலியும் அறிவிப்புப் பலகையும் அதன் அடையாளங்கள்.

மக்கள் கூடிப் பேசிய, குடித்த, பாடிய, படம் பார்த்த இடங்கள் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அவற்றின் கட்டுமானம் புனிதமானதன்று, பயன்பாடும் புனிதமானதன்று. அவை நாள்தோறும் வருவாய் ஈட்டியாக வேண்டிய தனியார் உடைமைகள். அவற்றை வேலியிட்டு நிறுத்தினால் பொருளிழக்கும். தடையின்றி மாற்றவிட்டால் அடையாளமிழக்கும். மூன்றாவது மரபு ஒன்று தேவைப்படுவது இவ்விடத்தில்தான். அத்தகைய மரபு மிக விரிவாக வளர்ந்திருப்பது இங்கிலாந்தில், அதிலும் குறிப்பாக ‘பப்’ எனப்படும் மதுவிடுதிகளைப் பற்றிய வழக்குகளில்.

கொங்கு நாட்டில் பட்டியலிடத்தக்க பழைய மதுவிடுதி ஏன் இல்லை என்ற வினாவிற்கு வரலாற்று விடை உண்டு. இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் முதல் நாளில். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளும் அன்று சேலம் மாவட்டத்திற்குள் இருந்தன. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. பனையும் தென்னையும் செழித்த நிலத்தில் கள்ளுக்கடை ஒரு நிலையான கட்டட வகையாக வளர்வதற்கு முன்பே மறைந்தது. பின்னாளில் வந்த அரசு மதுக்கடையைக் கூடுமிடம் என்று எவரும் சொல்லார். ஆங்கிலேயர் தொடங்கிய கிளப்புகள் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியவை. ஆகவே சீட்டு வாங்கிய எவரும் நுழையக்கூடிய, கூரையுள்ள பொதுவிடம் என்னும் பொறுப்பு இப்பகுதியில் திரையரங்கின் மேல் விழுந்தது. மதுவிடுதிக்கும் திரையரங்கிற்கும் இடையே ஒப்புமை காண்பது இந்தச் சமூகப் பணி பற்றியது, குடி பற்றியதன்று.

இங்கிலாந்தின் அளவுகோல்

இங்கிலாந்தில் நடைமுறையிலிருக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் இயல்பைப் பாதிக்கும் எந்த மாற்றத்திற்கும் முன் இசைவு பெற வேண்டும். இசைவின்றிச் செய்வது குற்றம். பட்டியலிடுதல் முகப்பை மட்டும் குறிப்பதன்று. உட்புறமும், கட்டடத்தோடு பிணைந்த பொருள்களும் அதில் அடங்கும். அதே வேளையில் அச்சட்டம் மாற்றத்தைத் தடை செய்வதுமில்லை. எது இயல்பு என்பதை முதலில் எழுத்தில் நிறுவி, அதைத் தொடாத மாற்றத்திற்கு வழிவிட்டு, அதைத் தொடும் மாற்றத்திற்குக் காரணம் கேட்கிறது.

மதுவிடுதிகளில் இந்த ‘இயல்பு’ எதில் இருக்கிறது என்பது நெடுங்காலம் வாதத்திற்குரியதாக இருந்தது. வண்ணக் கண்ணாடி, பளிங்கோடு, செதுக்கிய மரவேலை ஆகியன எளிதில் மதிக்கப்பட்டன. லிவர்ப்பூலின் பில்ஆர்மோனிக் விடுதி 2020இல் முதல் தரத்திற்கு உயர்த்தப்பட்டது இவ்வகை அழகால். ஆனால் விடுதியின் சமூக வரலாறு அதன் தடுப்புச்சுவர்களில் இருந்தது. உழைப்பாளர் நின்று குடித்த பொது அறை, சற்று வசதியானோர் அமர்ந்த அறை, பிறர் பார்வைபடாமல் பெண்கள் அமர்ந்த சிற்றறை என்று ஒரே கூரையின்கீழ் வகுப்பும் பாலும் பிரிக்கப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்பார்வைக்கு எளிது என்றும் சமத்துவம் என்றும் சொல்லி ஏராளமான விடுதிகளில் அத்தடுப்புகள் அகற்றப்பட்டன. கண்ணாடியும் மரவேலையும் எஞ்சின. பழைய தோற்றமும் எஞ்சியது. யார் யாரோடு அமர முடியாது என்பதைச் சொன்ன சான்று மட்டும் போயிற்று. தடுப்பு அநீதியானது என்பதால் அதன் தடயமும் நீக்கத்தக்கது என்னும் வாதம் வரலாற்று மாணவருக்கு உவப்பானதன்று.

இலண்டனின் ராயல் வாக்ஸால் டாவர்ன் 2015இல் பட்டியலிடப்பட்டது. பாலினச் சிறுபான்மையினரின் கூடுமிடமாக அது விளங்கிய வரலாறே அதற்கான முதன்மைக் காரணம். அதே ஆண்டு ஏப்ரலில் மற்றொரு நிகழ்வு. 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கார்ல்டன் டாவர்ன் பட்டியலில் சேர்க்கப்படும் தறுவாயில் அதன் உரிமையாளரான நிறுவனத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி அதை இருந்தவாறே திரும்பக் கட்டுமாறு ஆணையிட்டது. மேல்முறையீட்டிலும் ஆணை நிலைத்தது. 2021 ஏப்ரலில் விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. ஆணையிட்டது நகராட்சி, ஆயின் ஆணையை நிறைவேற்றத்தக்கதாக ஆக்கியது, பட்டியலிடும் பொருட்டு அதற்கு முன்பே கட்டடம் விரிவாக ஆவணப்படுத்தப்பட்டிருந்த நிலை. விவரிக்கப்படாத கட்டடத்தை எந்த நீதிமன்றமும் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தபோது, அதிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. திருக்கோடிக்காவில் செம்பியன் மாதேவி கற்றளி எடுத்தபோதும் பழங்கல்வெட்டுகள் அவ்வாறே படியெடுத்துக் காக்கப்பட்டன. படியெடுத்த பின் பழைய கற்கள் பேணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் காக்க எண்ணியது கல்லையன்று, கல் சொன்ன உடன்படிக்கையை. மணல்வீச்சு முறையால் எழுத்துகளைத் தேய்த்துவிட்டுக் கல்லைப் பளபளப்பாக்கிய அண்மைக்காலத் திருப்பணிகளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

உரிப்பொருள் என்னும் அளவுகோல்

கட்டடத்தின் ‘இயல்பு’ என்பதைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது? தன்மை, பண்பு, குணம் ஆகியன பொதுச்சொற்கள், வரையறைக்கு உதவா. தொல்காப்பிய அகத்திணையியலின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இங்கு பயன் தரக்கூடும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் பிறந்து வாழ்வன கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். பிற பொருள்கள் ஒன்றோடொன்று மயங்க இடமுண்டு என்றும், உரிப்பொருளுக்கு அந்நெகிழ்ச்சி இல்லை என்றும் அவ்விலக்கணம் கொள்கிறது. அது செய்யுளுக்கான இலக்கணம். அதைச் செங்கல்லின்மேல் ஏற்றுவது ஓர் உவமை அளவே. எனினும் ‘எது மாறலாம், எது மாறலாகாது’ என்பதைத் தரவரிசைப்படுத்திச் சொன்ன பழைய தமிழ்ச் சிந்தனை அதுவாதலின், அவ்வுவமை வெறும் அலங்காரமாகாது.

இவ்வகையில் மனையும் மதிலும் கூரையும் முதற்பொருள். இருக்கை, திரை, படக்கருவி, சீட்டுக்கூண்டு ஆகியன கருப்பொருள். மக்கள் எவ்வாறு கூடினர், யாரோடு யார் அமர்ந்தனர், எதன் பொருட்டுக் காத்திருந்தனர் என்னும் கூடல் ஒழுங்கு உரிப்பொருள். இவ்வுரிப்பொருளைப் ‘பயன்பாடு’ என்று மொழிபெயர்த்துவிடுவதுதான் வழக்கமான பிழை. பயன்பாடு தொடர்ந்தும் உரிப்பொருள் அழியலாம். பயன்பாடு மாறியும் உரிப்பொருள் வாழலாம். வெரைட்டி ஹாலின் வரலாறே இதற்குப் போதிய சான்று.

இரயில்வே ஊழியரான வின்சென்ட் 1905இல் திருச்சியில் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமிட்டுப் படம் காட்டினார். அக்கூடாரம் நிலைகொண்ட வடிவமே 1914ஆம் ஆண்டின் கட்டடம். ஆகவே அதன் தொடக்கமே ஒரு மாற்றம். அது வெறும் திரையரங்காகவும் தொடங்கவில்லை. மௌனப்பட காலத்தில் தென்னிந்தியக் காட்சிகளில் படத்திற்கு இடையிடையே ஆடலும் மற்போரும் வித்தைகளும் இடம்பெற்றன என்பதைச் சு. தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. பல்சுவை மன்றம் என்னும் பொருள்படும் ‘வெரைட்டி ஹால்’ என்ற பெயர் அக்கலவையின் பதிவு. படம் காட்டுவதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்ட வின்சென்ட், அந்த எந்திரத்தின் ஆற்றலை அரைவை ஆலைக்கும் அச்சகத்திற்கும் பயன்படுத்தினார். நகரின் மின்சார வரலாறும் அச்சு வரலாறும் அவ்வளாகத்தின் வழியே செல்கின்றன. திரைப்பட வரலாற்றாசிரியர் மட்டும் அதற்கு உரிமை கோருவது பொருந்தாது.

1931க்குப் பின் பேசும்படம் வந்தபோது இத்தகைய அரங்குகள் யாவும் உட்புறத்தை மாற்றின. எழுத்தட்டைகளை உரக்கப் படித்துக் கதை விளக்கியவருக்கும் இசைக்குழுவினருக்கும் இருந்த இடம் தேவையற்றதாயிற்று; திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி வந்தது. 1950களில் அகலத்திரை வந்து மேடையின் வாயை அகலப்படுத்தியது. கரிவிளக்குக் கருவிகள் போய் எண்ணிமக் கருவிகள் வந்தன. ஒவ்வொரு மாற்றமும் அடுத்த தலைமுறைக்கு ‘பழமை’ ஆயிற்று. ஆகவே ‘பழமை மாறாமல்’ என்றால் எந்த ஆண்டின் பழமை என்ற வினா தவிர்க்க முடியாதது. விக்டோரியா காலத் தோற்றம் என்று போற்றப்படும் இலண்டன் விடுதிகளுள் பலவும் 1890களின் வணிகப் பெருக்கத்தில் பழைய விடுதிகளை இடித்தோ மாற்றியோ கட்டப்பட்டவையே.

மாறாதது ஒன்று உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைநிகழ்விடம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்பு வழிப்பட்ட படிநிலையன்று, வாங்கும் திறனே என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எடுத்துரைத்தார். பெரிதும் மேற்கோள் காட்டப்படும் இக்கருத்து, திரைப்படத்தின் அரசியல் பற்றிய கூற்றாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அது அடிப்படையில் ஒரு கட்டடத்தைப் பற்றிய கூற்று. தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் வகுப்புகளும், பெண்களுக்கெனப் பிரித்த பகுதியும், வகுப்புக்கொரு நுழைவாயிலும் சேர்ந்தே அக்கூரையை உருவாக்கின. ஒரே கூரை என்பது சமத்துவமன்று. பிரிவினைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடிய தொலைவில் அமைந்த ஒழுங்கு அது. தரையில் அமர்ந்தவர் எழுப்பிய சீழ்க்கையொலி நாற்காலியில் அமர்ந்தவர் காதிலும் விழுந்தது. சிவத்தம்பியின் கூற்றைச் சரிபார்க்க விரும்பும் ஆய்வாளருக்குச் சான்று படச்சுருளில் கிடைக்காது. தரைத்தள வரைபடத்தில்தான் கிடைக்கும். இவ்வகையில் திரையரங்கின் பெஞ்சு வகுப்பும் இங்கிலாந்து விடுதியின் பொது அறையும் ஒரே வகைச் சான்றுகள்.

இதை அளவுகோலாகக் கொண்டால் சில முடிபுகள் வழக்கத்திற்கு மாறாக அமைகின்றன. ஒற்றைத் திரை அரங்கைப் பிரித்துப் பல சிறு அரங்குகளாக்குவதும், அரங்கை இடித்து வணிக வளாகத்தின் மேல்தளத்தில் பல்திரையரங்கு அமைப்பதும் பயன்பாட்டைத் தொடர்கின்றன. அங்கும் படம்தான் ஓடுகிறது. ஆனால் ஒரே கூரை போய்விடுகிறது. மாறாக, பழைய அரங்கின் உள்வெளியைப் பிரிக்காமல் நாடகம், இசை, கூத்து, குறும்படம் ஆகியவற்றுக்கான மன்றமாக மாற்றியிருந்தால், படத்தொழிலார் அதைத் திரையரங்கின் முடிவு என்றிருப்பர். வெரைட்டி ஹாலைப் பொறுத்தவரை அதுவே தொடக்கத்திற்குத் திரும்புவதாக அமைந்திருக்கும். பெயரே அதற்கு இடம் தந்தது. அரைவை ஆலையும் அச்சகமும் துணைநின்ற வளாகத்தில் ஒரு பகுதியைக் கடைகளுக்கு விட்டு வருவாய் தேடுவதும் அதன் இயல்புக்கு மாறானதாகாது. உரிமையாளருக்கும் மரபு ஆர்வலருக்கும் இடையே பேச்சுக்கு இவ்வளவு இடமிருந்தும், ‘முதல் திரையரங்கு’ என்னும் அடையாளம் அவ்விடத்தை அடைத்துவிட்டது. திரையரங்காக ஓடினால் காக்கலாம், ஓடாவிட்டால் இடிக்கலாம் என்ற இரண்டே வழிகள்தாம் அதில் தெரிந்தன.

சென்னை எலெக்ட்ரிக் தியேட்டர் இதன் மறுபக்கம். அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அஞ்சல்தலைப் பிரிவு அதில் இயங்குகிறது. முதற்பொருள் காக்கப்பட்டது. அங்கு ஒரு காலத்தில் மக்கள் இருட்டில் கூடி அமர்ந்தனர் என்பதைக் கட்டடம் தானாகச் சொல்வதில்லை. எழுதி வைத்தால்தான் தெரிகிறது. குறை சொல்லத்தக்க மாற்றமன்று இது; கட்டடம் பிழைத்ததே அரிது. ஆயினும் இதைப் ‘பழமை மாறாமை’ என்று அழைத்தால் அச்சொல் மேலும் தேய்கிறது.

கோவையிலேயே ஒப்பிடத்தக்க மற்றொரு கட்டடம் விக்டோரியா டவுன்ஹால். விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாகத் திட்டமிடப்பட்டு 1892இல் திறக்கப்பட்ட அம்மன்றத்திற்கு முன்னின்று உழைத்தவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. மாநகராட்சி மன்றக் கூட்டங்கள் இன்றும் அங்கு நடைபெறுகின்றன. கூடிப் பேசுதல் என்னும் உரிப்பொருள் நூற்றாண்டுக்கு மேலாக அங்கு அறுபடவில்லை. ஒலிவாங்கியும் குளிர்சாதனமும் இருக்கை மாற்றமும் அதைத் தொடவில்லை. அரசுடைமை என்பதால் இது எளிதாயிற்று. ஊர் பணம் தந்து கட்டிய மன்றத்தை ஊராட்சி காப்பது இயல்பு. ஊர் சீட்டு வாங்கி வளர்த்த அரங்கை யார் காப்பது என்பதற்குத்தான் விடையில்லை.

சட்டத்தின் தாமதமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மும்பையில் 1995ஆம் ஆண்டின் மரபு விதிகள் தனியார் கட்டடங்களையும் பட்டியலிட்டன. கட்ட முடியாமற்போன பரப்பிற்கு ஈடாக, அக்கட்டுமான உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ உரிமையாளருக்கு வழியும் செய்தன. தமிழகத்தில் மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டும், அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. அவ்விடைவெளியில் இடிந்தவற்றுக்குச் சட்டத்தை மட்டும் குறைகூறுவது போதாது. பட்டியலில் ஒரு கட்டடத்தைச் சேர்க்க அதன் இயல்பை எழுத்தில் நிறுவ வேண்டும். அதை எழுத வேண்டியோர் ஆய்வாளர். கொங்கு வரலாற்றாய்வு கல்வெட்டு, செப்பேடு, நடுகல், ஓலைச்சுவடி ஆகியவற்றில் காட்டிய நுட்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இருபதாம் நூற்றாண்டின் கூடுமிடங்களுக்குத் தரவில்லை. பஞ்சாலைக் கேன்டீன், காபி கிளப், தொழிற்சங்க அலுவலகத்தின் படிப்பகம், டூரிங் டாக்கீஸ் நின்ற மைதானம் ஆகியன முனைவர் பட்டத்திற்குரிய பொருள்களாகக் கருதப்படுவது அரிது.

உரிமக் கோப்புகள்

இடிந்தவற்றுக்கும் ஒரு சான்றுத்தொகுதி எஞ்சியிருக்கக் கூடும். தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1955ஆம் ஆண்டினது. அதன் விதிகள் 1957ஆம் ஆண்டினவை. மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரி ஆட்சியர். உரிமம் கோரும் விண்ணப்பத்தோடு மனை, கட்டட வரைபடங்களையும் இணைக்க வேண்டும். தீப்பற்றும் இயல்புடைய படச்சுருள் காலத்து அச்சம் அவ்விதிகளில் படிந்திருப்பதால், படக்கருவி அறையின் சுவர், வெளியேறும் வழிகளின் எண்ணிக்கையும் அகலமும், ஒவ்வொரு வகுப்பிலும் அமரத்தக்கோர் தொகை ஆகியன அவற்றில் அளவோடு கேட்கப்பட்டன. பாதுகாப்புக்காகத் தொகுக்கப்பட்ட இத்தரவுகள், சிவத்தம்பி சுட்டிய கூரையின்கீழ் எத்தனை பேர் தரையிலும் எத்தனை பேர் நாற்காலியிலும் அமர்ந்தனர், பெண்கள் எவ்வழியே நுழைந்தனர் என்பவற்றுக்கான நேர்ச்சான்றாக அமையத்தக்கவை.

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் மூடிய ஒற்றைத் திரை அரங்குகள் பல இன்னும் முழுமையாக இடிக்கப்படவில்லை. சில சரக்குக் கிடங்குகளாகவும் சில திருமண மண்டபங்களாகவும் நிற்கின்றன. அவற்றின் உரிமக் கோப்புகளை நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தோடு ஒப்பிட்டு, தரைத்தளத்தை அளந்து, சீட்டுக் கொடுத்தவரும் படக்கருவி இயக்கியவரும் தரும் வாய்மொழித் தரவுகளைச் சேர்த்து ஓர் அரங்கிற்கு ஒரு விவரிப்பு எழுதுவது ஒரு கல்லூரித் துறையின் ஓராண்டு உழைப்புக்குள் அடங்கும். கல்யாண மண்டபமாக மாறிய அரங்கு ஒன்றில் மேடை இன்னும் திரை இருந்த பக்கத்திலேயே இருக்கிறதா, சாய்தளம் நிரவப்பட்டதா, பெஞ்சு வகுப்பின் தனி வாயில் சமையற்கட்டுக்கு வழியாயிற்றா என்பன அவ்விவரிப்பில் முதலில் குறிக்கப்பட வேண்டியவை.